புரிஞ்சுது சார்!

"நான் பாடம் சொல்லிக் கொடுக்காம இருந்திருந்தா எங்க ஊர்க் கண்மாய் தப்பிச்சிருக்கும்" என்றார் ஞானசிகாமணி.

எதிரே நின்ற பூரணம் மாவு மிஷினை நிறுத்தினாள். அது ஓய்கிறவரைக்கும் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை.

"என்ன சொன்னீங்க சார்?"

அவர் மறுபடியும் சொன்னார். துக்கத்தை இரண்டாம் தடவை உரக்கச் சொல்ல நேர்ந்தால் அதன் கெத்து பாதி போய்விடுகிறது.

"உக்காருங்க" என்றாள் பூரணம். உட்கார ஒரு மிளகாய் மூட்டைதான் இருந்தது. அவர் உட்கார்ந்தார்.

ஞானசிகாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. பக்கத்து ஊரான நாவல்குறிச்சியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காமல், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைக் கூட்டி வைத்து வகுப்பு எடுத்தார். ஜனங்கள் படித்துவிட்டால் ஊர் மாறிவிடும் என்று மனதார நம்பிய மனிதர். அந்த நம்பிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பூரணத்துக்கு அவர் வயதில் பாதிதான். புருவத்தில் மாவு படிந்திருக்கும் நேரத்தில் மட்டும் கிழவி மாதிரி தெரிவாள். ஒத்தப்புளியில் அவள் வீட்டு மாவு மில்லில் காலையில் மல்லி, மிளகாய் அரைபடும். மத்தியானம் மிஷின் நின்றதும் அங்கேயே பெண்களுக்கு வகுப்பு. வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம் படிப்பார்கள்.

ஆனால் அந்த ஒத்தப்புளிப் பெண்களைப் பற்றி வட்டாரம் முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அந்த ஊரில் ரேஷன் கடை சொன்ன நேரத்துக்குத் திறக்கும். மனு கொடுக்கப் போனால் அதிகாரியே எழுந்து வந்து கதவைத் திறப்பார். அவ்வளவு கேள்வி கேட்பார்கள்.

அதற்காகத்தான் ஞானசிகாமணி வெட்கத்தை விட்டு சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

"நடந்ததைச் சொல்லுங்க சார்" என்றாள் பூரணம்.

அவர் சொன்னார்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி கிராம சபைக் கூட்டம். தம் மாணவிகளை அவரே வரிசையாக அழைத்துப் போனார். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் உட்கார்வதே அதுதான் முதல் தடவை. அவருக்கு மேடையில் தலைவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் மாணிக்கராஜ் ஒரு தீர்மானத்தை வாசித்தார். நீளமான தீர்மானம். மேற்படி, மேற்கண்ட, மேற்குறித்த என்று நிறைய மேல் இருந்தது. சாரம் இதுதான்: கண்மாயின் மீன் உரிமை மூன்று வருடத்துக்குத் தலைவரின் மைத்துனருக்குக் குத்தகை.

வாசித்துவிட்டுத் தலைவர் நிமிர்ந்தார். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

ஒரே குரல். பந்தல் அதிர்ந்தது.

தலைவரே ஒரு கணம் திகைத்துப் போனார். சண்டை வரும் என்று நினைத்து நாலு முரட்டு ஆட்களைப் பந்தல் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

"சம்மதமா?"

"சம்மதம் சார்!"

பிறகு எல்லோரும் வரிசையில் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கையெழுத்தும் குண்டு குண்டாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எல்லாம் சார் கொடுத்த பயிற்சி" என்று தலைவர் மைக்கில் பாராட்டினார். முரட்டு ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

பூரணம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முடியாமல் வாயைத் திறந்தும் சிரித்தாள். புருவத்து மாவு உதிர்ந்தது.

"சிரிக்காதீங்க டீச்சர். அந்தக் கண்மாய் என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்குத் தெரியும்.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் கரையில் வெள்ளைத் துண்டை வீசுவார்கள். வீசியதும் ஊத்தாவும் வலையும் கூடையுமாக ஊரே கண்மாயில் இறங்கும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் அமுக்கி, மேலே கையை விட்டு மீனைத் துழாவிப் பிடிக்க வேண்டும். அன்று பிடிக்கிற மீனை யாரும் விற்கக் கூடாது, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். யாரையும் திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது.

நாவல்குறிச்சியில் மேலத்தெருவும் கீழத்தெருவும் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஒரே தண்ணீரில் இறங்கும். ஒருத்தர் ஊத்தாவுக்குள் இன்னொருத்தர் கை போகும். சேறு பூசிக்கொண்டு நின்றால் யார் எந்தத் தெரு என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

அதுதான் போகப் போகிறது.

"மே ஒண்ணாம் தேதி கூட்டத்துல குத்தகையை உறுதி பண்ணிடுவாங்க. அதுக்குள்ள நான் என்ன செய்யணும்? எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

பூரணம் எழுந்தாள்.

"டீ குடிங்க முதல்ல."

மில்லின் மூலையில் ஒரு ஸ்டவ் இருந்தது. அவளே டீ போட்டாள். அதற்குள் வகுப்புக்குப் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தும்மல் சத்தம் கேட்டது. அவர்களுக்கும் சேர்த்தே கிளாஸ்களில் ஊற்றினாள். முதல் கிளாஸ் விருந்தாளிக்கு.

ஞானசிகாமணி ஒரு வாய் குடித்தார். முகம் ஒரு கணம் கோணியது. உடனே நேராகிவிட்டது.

"எப்படி சார் இருக்கு?"

"பிரமாதம்" என்றார். மீதியையும் குடித்து முடித்தார்.

அடுத்து ஒரு பெண் குடித்தாள். தூவென்று வாசலில் துப்பினாள்.

"ஏய் பூரணம், என்னடி இது? ராமேஸ்வரத்துல போயி மொண்டுட்டு வந்தியா?"

"டீச்சர், இதுல உப்பு விழுந்திருக்கு!"

"விழுந்திருக்கா? உப்புலதான் டீயே விழுந்திருக்கு!"

"எனக்கு வேணாம். நீயே குடி."

மில் முழுக்க ஒரே கூச்சல். பூரணத்தின் சொந்த அத்தை கிளாஸை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, குடிக்கச் சொல்லி மல்லுக்கு நின்றாள். பூரணம் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, தப்புதான்" என்று ஒத்துக்கொண்டாள். சட்டியைக் கழுவி வேறு டீ போட்டாள்.

பிறகு ஞானசிகாமணி பக்கத்தில் வந்து, அவர் குடித்து வைத்த கிளாஸை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"போயிட்டு வாங்க சார்" என்றாள்.

ஞானசிகாமணி வழி நெடுக அந்த உப்பை நாக்கில் வைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார். பாதி வழியில் பாதி புரிந்தது. மீதிப் பாதி புரிந்துவிட்டதாக அவரே நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் மேஜையைத் தட்டினார்.

"இனிமே நான் எது கேட்டாலும் சரி சரின்னு சொல்லக் கூடாது. தைரியமா இல்லைன்னு சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!"

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"சரி, வேற மாதிரி கேக்கிறேன். யாருக்குப் புரியலை?"

"யாருக்கும் இல்லை சார்!"

"நான் சொல்றது தப்புன்னு தோணுனா என்ன சொல்லுவீங்க?"

கூடம் யோசித்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து, ஒரே ராகத்தில், "தப்பு சார்!" என்றார்கள்.

அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாருக்குப் பிடித்த விடை எது என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்.

இரண்டே நாளில் மறுபடியும் ஒத்தப்புளிக்கு வந்து நின்றார். இந்தத் தடவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். நின்றதும் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லுங்கன்னேன் டீச்சர். எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து இல்லைங்கிறாங்க."

பூரணம் இப்போது சிரிக்கவில்லை. சல்லடையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள்.

"சார், ஒண்ணு செய்வீங்களா?"

"எது சொன்னாலும் செய்யறேன்."

"விடை தெரிஞ்ச கேள்வியைக் கேக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது" என்றாள் பூரணம். "நல்ல கேள்வி. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கீங்க."

ரொம்பச் சுலபம் என்று நினைத்துக்கொண்டு வந்தார். வகுப்பில் போய் நின்றார். கரும்பலகையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

இது என்ன எழுத்து என்று கேட்கலாமா? அவருக்குத் தெரியும். நமது மாவட்டத்தின் தலைநகரம் எது? தெரியும். பன்னிரண்டும் ஏழும் எத்தனை? தெரியும்.

வாயை மூடிக்கொண்டார்.

வேலை பார்த்த காலமெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவர். அதில் ஒன்றுகூடத் தெரியாமல் கேட்டதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலில் ஒரு காக்கை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கடைசியில் முத்துப்பேச்சிக்குப் பொறுக்கவில்லை. முன் வரிசையில் உட்காருகிறவள், இளகின மனசுக்காரி.

"சார், உடம்பு சரியில்லையா?"

அந்தக் கூடத்தில் ஒரு மாணவி கேட்ட முதல் கேள்வி அது.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் ஞானசிகாமணி. "மனசுதான் சரியில்லை. எனக்கு ஒண்ணு தெரியலை. உங்களைக் கேக்கணும்."

"கேளுங்க சார்."

"அன்னைக்குக் கூட்டத்துல ஏன் சம்மதம்னு சொன்னீங்க?"

இதற்கு விடை அவர் முகத்தில் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடினார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

கதவோரம் உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு தொண்டையைச் செருமினாள். கீழத்தெருக்காரி. கூட்டக் குரலில்தான் அவள் குரலும் கலந்து வரும். தனியாக அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

"நீங்க தலையாட்டுனீங்க சார்."

"நானா?"

"தலைவர் பக்கத்துல நாற்காலியில இருந்தீங்க. அவரு கேக்கக் கேக்க நீங்க எங்களைப் பாத்து ஆமா ஆமான்னு தலையாட்டுனீங்க. நீங்க தலையாட்டுனா அதான் சரியான விடைன்னு எங்களுக்குத் தெரியாதா?"

ஞானசிகாமணி அந்த நாளை நினைத்துப் பார்த்தார்.

உண்மைதான். அவர் தலையாட்டினார். தீர்மானத்துக்கு அல்ல. தீர்மானத்தை அவர் கேட்கவே இல்லை, அதில் என்ன இருந்தது என்பதே பிறகு ஊரில் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. தம் மாணவிகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. பெருமையில் தலை தானாக ஆடியது.

தலைவர் கேட்ட அந்தக் கேள்விக்கு அவரிடமே விடை இல்லாமல் இருந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சொல்லாமல் இருந்தால் இன்னும் வெட்கமாக இருக்கும் என்று தோன்றியது.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார்.

அந்த நாற்காலியிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. கூடம் அசந்து போனது.

"அய்யோ, எனக்கும் புரியலை சார்!" என்றாள் முத்துப்பேச்சி.

"எனக்குக் குத்தகைங்கிற வரைக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் நழுவிருச்சு."

"எனக்கு மைத்துனர்னா யாரு மைத்துனர்னு புரியலை."

"குத்தகைன்னா மீன் மட்டுமா, தண்ணியும் சேத்தா? என் எருமை குளிக்கலாமா, கூடாதா?"

"எரும கெடக்கட்டும். நம்ம ஊத்தாவுக்கு வழி என்ன?"

புரிந்துகொண்டதில் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். புரியாததில் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தார்கள். ஒரு குரல் இன்னொரு குரல் மேல் ஏறிப் போனது. சந்தைக் கடை மாதிரி இரைச்சல்.

ஞானசிகாமணி பழக்கத்தில் மேஜையைத் தட்டக் கையை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கை அதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டது.

"எருமை குளிக்கலாமான்னு எனக்குத் தெரியலை. யாரைக் கேக்கலாம்?" என்றார்.

"தீர்மானத்தோட நகல் வாங்கி நாமளே படிச்சுப் பாத்தா என்ன? படிக்கத்தான் தெரியுமே" என்றாள் செல்லக்கண்ணு.

அவ்வளவு நாளும் அங்கே பாடம் நடந்தது. அன்றுதான் வகுப்பு நடந்தது.

நகல் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று படித்தார்கள். ஒவ்வொரு மேற்படிக்கும் சண்டை. ராக்கம்மா என்று மேலத்தெருப் பெண் ஒருத்தி, குத்தகைக்கு விட்டால் தப்பில்லை என்று ஒற்றை ஆளாக நின்று வாதாடினாள். மற்றவர்கள் அவளோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசாமல் வாதாட முடியவில்லை என்பதால் பேசினார்கள்.

மே ஒன்றாம் தேதி வந்தது. பந்தல், மைக், நாற்காலி எல்லாம் அதே இடத்தில். ஒன்றுதான் மாறியிருந்தது. ஞானசிகாமணி மேடைக்குப் போகவில்லை. ஜமுக்காளத்தில், பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து தலையாட்டினால் யாருக்கும் தெரியாது.

மாணிக்கராஜ் உற்சாகமாக வாசித்து முடித்தார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

சத்தம் இல்லை. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"புரிஞ்சுதா?"

"புரியலை" என்றாள் செல்லக்கண்ணு.

மைக் இல்லாமலே அது கடைசி வரிசை வரை கேட்டது.

"என்னம்மா புரியலை?"

"மூணாவது பத்தியில கரை, நீர்ப்பிடிப்பு எல்லாம் குத்தகைதாரர் பொறுப்புன்னு இருக்கு. அப்ப துண்டு வீசுறது யாரு? நாங்க எறங்கலாமா? எறங்குனா திருட்டுன்னு பிடிச்சுக் குடுப்பீகளா?"

தலைவர் தாளைப் புரட்டினார். மூன்றாவது பத்தியை அவரும் இப்போதுதான் சரியாகப் படிக்கிறார் போலிருந்தது.

பின்னால் இருந்த ஞானசிகாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த மூன்றாவது பத்தியைப் பற்றி அவரிடம் ஐந்து அருமையான கருத்துகள் இருந்தன. கேட்டால் ஊரே கைதட்டும். அவரால் முடியவில்லை. சடாரென்று எழுந்து நின்றார்.

"தலைவர் அவர்களே! இந்த இடத்தில் நான் ஒன்று..."

செல்லக்கண்ணு திரும்பிப் பார்த்தாள்.

"சார், உக்காருங்க. முத்துப்பேச்சி மதினி மொதல்லயே கை தூக்கிட்டாக."

அவர் மனைவி தவிர வேறு யாரும் அவரை அந்த ஊரில் உட்காரச் சொன்னதில்லை.

அவர் உட்கார்ந்தார்.

அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் வந்தது சிரிப்புதான். பக்கத்தில் இருந்த ஆள் இவருக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார்.

முத்துப்பேச்சி எருமையைப் பற்றிக் கேட்டாள். அதற்கப்புறம் கீழத்தெரு ஆண்கள் கேட்டார்கள். மேலத்தெருக் கிழவர் ஒருவர், சின்ன வயதில் தாம் பிடித்த விரால் மீனின் நீளத்தைக் கையால் காட்டினார். அது கேள்வியே இல்லை. இருந்தாலும் விட்டுவிட்டார்கள். ராக்கம்மா எழுந்து, குத்தகையே மேல், ஊருக்கு வருமானம் வரும் என்று தன் கட்சியைச் சொன்னாள். அவளையும் கடைசி வரை பேச விட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. யாரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். குத்தகை வேண்டாம் என்று பந்தல் முழுக்கக் கை. வேண்டும் என்று ராக்கம்மாவோடு இன்னும் சிலர்.

தலைவர் ஒரு நிமிடம் பார்த்தார். கெட்டிக்காரர்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார்.

முரட்டு ஆட்களை அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை. மைத்துனர் மட்டும் டீ குடிக்காமல் போனார்.

மே மாதக் கடைசியில் கண்மாய் வற்றி முழங்கால் அளவுக்கு வந்தது. மீன்பிடி நாள். விடிந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தாவோடு கரையில் வந்து நின்றன. ஒத்தப்புளியிலிருந்து பூரணமும் வந்தாள், கூட அவள் கூட்டமும். மாவு இல்லாத முகத்தோடு பார்க்க ஞானசிகாமணிக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

வழக்கமாக ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டு வீசுவார். இந்த வருடம் அதற்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. யார் வீசுவது?

"தலைவரே வீசட்டும்."

"அவரா? நல்லா இருக்கே நியாயம்."

"சார் வீசட்டும்."

"எனக்கு வேண்டாம்" என்றார் ஞானசிகாமணி. "கீழத்தெருவிலேருந்து இதுவரைக்கும் யாராவது வீசியிருக்காங்களா? தெரியாமத்தான் கேக்கிறேன்."

யாரும் வீசியதில்லை. அது இன்னொரு விவாதமாகிப் போனது. கரையில் நின்று வெகுநேரம் பேசினார்கள். வெயில் ஏறியது. துண்டு கை மாறிக் கை மாறிச் செல்லக்கண்ணுவிடம் வந்து நின்றது. அவளுக்கு வேர்த்து ஊற்றியது. பேச்சைக் கேட்டுக்கொண்டே துண்டை உதறி முகத்தைத் துடைத்தாள்.

எதிர்க் கரையில் நின்றவர்களுக்கு வெள்ளைத் துண்டு அசைந்தது மட்டும் தெரிந்தது.

ஓவென்று ஒரு சத்தம். அந்தக் கரை முழுக்கத் தண்ணீருக்குள் பாய்ந்தது.

"அய்யய்யோ, நான் வீசலை, மூஞ்சியைத் தொடச்சேன்!" என்று செல்லக்கண்ணு கத்தினாள்.

யார் கேட்கிறார்கள்? இந்தக் கரையும் பாய்ந்தது. மேலத்தெரு, கீழத்தெரு, ஒத்தப்புளி, விவாதம் பண்ணினவர்கள், பண்ணாதவர்கள், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காதவர்கள் எல்லோரும் ஒரே சேற்றில். ஞானசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் யாரோ இழுத்துவிட்டார்கள். எழுந்தபோது ராக்கம்மாவின் ஊத்தாவுக்குள் அவர் கை இருந்தது, கைக்குள் ஒரு கெளுத்தி இருந்தது. அது முள்ளால் ஒரு குத்துக் குத்தியது. அவர் சின்னப் பையன் மாதிரி கத்திச் சிரித்தார்.

மத்தியானம் கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரே அண்டாவில் குழம்பு கொதித்தது. அப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் தீர்மானம் போட்டுக் கொண்டு வரவில்லை. துண்டு விஷயத்தில் நேரம் போய்விட்டதால் தனித்தனி அடுப்புக்கு விறகு பொறுக்க அவகாசம் இல்லை.

ஞானசிகாமணி சேறு காய்ந்த கையோடு பூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி. விடை நிஜமாவே தெரியாது."

"கேளுங்க சார்."

"அன்னைக்கு டீயில உப்புப் போட்டது தெரிஞ்சேவா, தெரியாமலா?"

பூரணம் அவரைப் பார்த்தாள்.

"நீங்க ஏன் சார் அதை முழுசாக் குடிச்சீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் செல்லக்கண்ணு தட்டில் சோறும் குழம்புமாக வந்து நின்றாள். அவள் வைத்த குழம்பு. பின்னாலேயே முத்துப்பேச்சியும் ராக்கம்மாவும் இன்னும் பத்துப் பேரும் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்படி சார் இருக்கு?"

ஞானசிகாமணி நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"உப்புக் கரிக்குது" என்றார்.

பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"கரிக்குதா? சரியாத்தான் இருக்கு சார்" என்றாள் செல்லக்கண்ணு, ஒரு அடிகூடப் பின்வாங்காமல்.

"இல்லடி, ஒரு கை கூடுதல்தான்" என்றாள் முத்துப்பேச்சி, கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு.

"சாருக்கு வயசாச்சு, நாக்கு மாறிப் போச்சு" என்றாள் ராக்கம்மா.

"ராக்கம்மா சொல்லிட்டா, அப்ப கண்டிப்பா உப்பு கூடுதல்தான்!"

கரை முழுக்கச் சத்தம் கிளம்பியது. அண்டாவைச் சுற்றி இரண்டு கட்சி சேர்ந்துவிட்டது. தெரு வாரியாகச் சேரவில்லை, நாக்கு வாரியாகச் சேர்ந்தது.

ஞானசிகாமணி தட்டை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா. நான் சொன்னது தப்பாவும் இருக்கலாம். மறுபடி பாக்கிறேன்."